காலாண்டு லீவும் காவிரிக்கரைப் பூங்காக்களும்

வியாழன், தஞ்சாவூர்

பிள்ளைகளுக்குக் காலாண்டுப் பரீட்சை முடிந்துவிட்டது. ஊட்டி, கொடைக்கானல் என்று வீட்டில் பேச்சு ஓடியது. அத்தைக்கு (என் மாமியார்) முழங்கால் வலி, சின்னவனுக்கு மலைப்பாதையில் வளைவு ஏறினால் வயிறு புரட்டும். அதனால் இந்த லீவில் நம்ம காவிரிப் பக்கம் இருக்கிற பூங்காக்களுக்கே போவது என்று முடிவானது. ஒரு நாளைக்கு ஓர் இடம்தான். போனால் பாய் விரித்து உட்கார வேண்டும், கட்டுச்சோற்றை அங்கேயே அவிழ்க்க வேண்டும், பிள்ளைகள் களைக்கும்வரை ஓட வேண்டும். "என்னை ஒரு மரத்தடியில உட்கார விட்டாப் போதும், நீங்க எங்க வேணா சுத்துங்க" என்று அத்தை சொல்லிவிட்டார்.

மயிலாடுதுறையில் பாசஞ்சர் ஏறினோம். குறுவை அறுப்பு நடக்கிற நேரம். ஒரு வயலில் அறுப்பு இயந்திரம், அடுத்த வயலில் சம்பாவுக்கு விட்ட நாற்றங்கால், அதற்கடுத்ததில் சேறடித்து நிற்கிற தண்ணீர். குத்தாலம் தாண்டி நரசிங்கன்பேட்டை வந்ததும் என் கணவர் மூத்தவளிடம், "இதுதான் நாதஸ்வரம் செய்யற ஊர், ஆச்சா மரத்துல கடையறாங்க" என்று ஆரம்பித்து, 2022இல் புவிசார் குறியீடு கிடைத்ததுவரை சொல்லி முடித்தார். அடுத்து ஆடுதுறை. அத்தைக்கு அந்த ஊர் என்றால் நெல் ஆராய்ச்சி நிலையம்தான். ஏடிடி 36, ஏடிடி 43 என்று தன் காலத்தில் நட்ட குறுவை ரகங்களைப் பேரன் பேர் சொல்வதுபோல அடுக்கினார்.

தஞ்சாவூரில் நாத்தனார் வீட்டில் இறங்கினோம். ராத்திரி இட்லிக்குக் கடப்பா. சீக்கிரம் படுத்துவிட்டோம்.

வெள்ளி, சிவகங்கைப் பூங்கா

தஞ்சாவூருக்கு வருகிறவர்கள் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு, ரயிலுக்கு நேரம் இருந்தால் பக்கத்தில் இருக்கிற பூங்காவுக்குள் தலைகாட்டிவிட்டுப் போவார்கள். நாங்கள் அதைத் திருப்பிப் போட்டோம். காலையில் பூங்கா, சாயங்காலம் கோயில். நாத்தனார் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு அவரும் கூடவே கிளம்பிவிட்டார்.

உள்ளே போனதும் அத்தைக்கு நிழலான ஒரு பெஞ்சு கிடைத்தது. அங்கிருந்து பார்த்தால் குளம், குளத்துக்கு நடுவே சின்னச் சிவன் கோயில், மரங்களுக்கு மேலே பெரிய கோயில் விமானம். கோயிலுக்குள் நின்று பார்க்கும்போது விமானத்தைக் கழுத்து வலிக்க அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருக்கும். இங்கே உட்கார்ந்தபடி, சோறு ஊட்டியபடி, நேரம் போவது தெரியாமல் பார்க்கலாம். 1010இல் ராஜராஜன் கட்டி முடித்த கோயிலைப் பார்க்க இந்தக் குளக்கரையைவிட நல்ல இடம் தஞ்சாவூரில் இல்லை என்றே நினைக்கிறேன்.

பூங்காவுக்கும் வயது கொஞ்சமில்லை. 1871-72இல் தஞ்சாவூர் நகராட்சி இதை மக்கள் பூங்காவாக அமைத்தது. ஊர்ச் சனம் எல்லாரும் வந்து காற்று வாங்குவதற்கென்று அந்தக் காலத்திலேயே ஓர் இடத்தை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். என் கணவர் பள்ளிச் சுற்றுலாவில் இங்கே வந்து மான் பார்த்தவர். அவருடைய அக்காவோ கல்யாணமாகி வந்த புதிதில் மாமனார் வீட்டுப் பெண்களோடு இங்கேதான் முதன்முதலாக வெளியே வந்தாராம். "அன்னைக்கு எங்க மாமியார் வேர்க்கடலை வாங்கிக் குடுத்தாங்கடா" என்று இப்போதும் தம்பியிடம் சொல்கிறார். பல வருஷம் மூடி வைத்துப் புதுப்பித்த வேலையில் நடைபாதையும் விளக்கும் புதிதாக வந்திருக்கின்றன. அது நல்லதுதான். ஆனால் எனக்குப் பிடித்ததெல்லாம் பழைய மரங்கள்தான். பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்றின் அடியில் பாய் விரித்தோம். உச்சி வெயிலிலும் அங்கே சூடு இறங்கவில்லை.

குளத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். அது பூங்காவைவிட மிகவும் பழையது. தஞ்சாவூரின் முதல் நாயக்க மன்னர் சேவப்ப நாயக்கர். பதினாறாம் நூற்றாண்டுக்காரர். ஊருக்கு மேற்கே அவர் பேரில் சேவப்பன் ஏரி என்று ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் மேட்டுப் பகுதியில் பெய்கிற மழை அந்த ஏரியில் சேரும். அங்கே வண்டல் படிந்து தெளிந்த தண்ணீர் இந்தச் சிவகங்கைக் குளத்துக்கு வரும். இங்கே நிறைந்தால் நிலத்தடி வாய்க்கால் வழியாக ஊருக்குள் அய்யன் குளம் போன்ற குளங்களுக்குப் போகும். ஊர்க் கிணறுகளிலும் நீர்மட்டம் ஏறும். பம்பு இல்லை, மோட்டார் இல்லை. மேடு பள்ளம் பார்த்து மண்ணுக்கடியில் வழி வெட்டி, ஓர் ஊருக்கே குடிதண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். சிவகங்கைத் தண்ணீரைப் போலத் தித்திப்பான தண்ணீர் இந்தப் பக்கத்தில் கிடையாது என்று பேர் வாங்கிய குளம் இது.

இதைச் சொன்னபோது மூத்தவள் கேட்டாள்: "பக்கத்துலயே காவேரி ஓடுதே, அப்புறம் ஏன் மழைத்தண்ணி?" நல்ல கேள்வி. காவிரி இங்கிருந்து பத்து கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே, திருவையாற்றில் ஓடுகிறது. தஞ்சாவூர் கோட்டை இருப்பது டெல்டாவின் தென்மேற்கு ஓரத்தில், கொஞ்சம் மேடான நிலத்தில். ஆற்றுத் தண்ணீர் தானாக ஏறி வராது. அதனால்தான் இங்கே மழையை நம்பி ஏரியும் குளமும். அவள் அதைக் கேட்டுவிட்டு, குளத்துக்குத் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும் என்று கண்டுபிடிக்கத் தம்பியை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். கரைக்கு இந்தப் பக்கம் நின்று நாத்தனார் இரண்டு பேர் மேலும் கண் வைத்திருந்தார். படிக்கட்டு ஆழமானது, சின்னப் பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள்.

நீர்க்காகம் ஒன்று முங்கி முங்கி மீன் பிடித்தது. நாலு தடவைக்கு ஒரு தடவைதான் வாயில் மீன் இருந்தது. ஒவ்வொரு தடவையும் எந்த இடத்தில் தலை தூக்கும் என்று பந்தயம் கட்டியே சின்னவனுக்கு ஒரு மணி நேரம் போய்விட்டது. ஊஞ்சல், சறுக்குமரம் பக்கம் அவன் அதற்குப் பிறகுதான் போனான்.

சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு, பூங்காவை ஒட்டியுள்ள சுவார்ட்ஸ் தேவாலயத்துக்குப் போனோம். 1779ஆம் வருஷத்துத் தேவாலயம். உள்ளே இருக்கிற சலவைக்கல் சிற்பத்துக்காகவே போக வேண்டும். ஜெர்மனியிலிருந்து வந்த பாதிரியார் சுவார்ட்ஸ், தமிழும் மராட்டியும் தெரிந்தவர், சிறுவயதுச் சரபோஜிக்குப் பாதுகாவலராக இருந்தவர். அவர் 1798இல் இறந்தார். தன் ஆசிரியரின் நினைவாக இரண்டாம் சரபோஜி மன்னர் இங்கிலாந்தில் ஜான் பிளாக்ஸ்மன் என்ற சிற்பியிடம் சொல்லி இதைச் செய்து வரவழைத்தார். படுக்கையில் கிடக்கிற பாதிரியாரின் கையை மன்னர் பிடித்துக்கொண்டிருக்கிறார், பிள்ளைகள் கட்டிலோரம் நிற்கிறார்கள். சரஸ்வதி மகால் நூலகத்தை அத்தனை பெரிதாக வளர்த்த மன்னர் அதில் வாத்தியாரின் கையைப் பிடித்த மாணவராக மட்டும்தான் இருக்கிறார். அத்தை அதன் முன்னால் நெடுநேரம் நின்றார். முழங்கால் வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒரே ஒரு குறை. மரங்களுக்குத் தமிழில் பெயர்ப்பலகை இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! நாத்தனாருக்குத் தெரிந்த மரம் பாதி, அத்தைக்குத் தெரிந்தது மீதி. அவர்கள் வராமல் நாங்கள் மட்டும் வந்திருந்தால் பிள்ளைகளுக்கு எல்லாமே வெறும் மரம்தான்.

சனி, திருவையாறு வழியாகக் கல்லணை

இன்றைக்கு வாடகை கார். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு பதின்மூன்று கிலோமீட்டர்தான், அதற்குள் ஐந்து ஆறு குறுக்கிடும். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வைத்ததால் பாலத்துக்குப் பாலம் கத்திக்கொண்டே வந்தார்கள். எல்லாவற்றிலும் தண்ணீர். நுங்கும் நுரையுமாக இல்லை, கரைக்குள் அடங்கி நிதானமாக ஓடியது.

திருவையாற்றில் அசோகா வாங்கினோம். பாசிப்பருப்பை வேகவைத்து நெய்யிலும் சர்க்கரையிலும் கிண்டுவது. சூடாக வாழையிலைத் துண்டில் வைத்துத் தின்ன வேண்டும், பொட்டலம் கட்டி ஊருக்கு எடுத்துப் போனால் பாதி ருசிதான். அப்புறம் திருக்காட்டுப்பள்ளி வழியாக ஆற்றோரச் சாலை. இந்தச் சாலையை அவசரமாகக் கடக்காதீர்கள். ஒரு பக்கம் வாழைக்கொல்லை, மறு பக்கம் மூங்கில் புதர், நடுநடுவே படித்துறை. திருக்காட்டுப்பள்ளியில் காரை நிறுத்தி, குடமுருட்டி காவிரியிலிருந்து பிரிகிற இடத்தைக் காட்டினோம். காலையில் பாலத்தில் பார்த்த ஆறு இங்கேதான் பிறக்கிறது என்றதும் மூத்தவளுக்கு நம்பவே முடியவில்லை.

கல்லணையில் காவிரி நாலாகப் பிரிகிறது. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், வெள்ளம் வந்தால் வடிவதற்குக் கொள்ளிடம். கரிகாலன் கட்டிய அணை என்பது நாம் எல்லாரும் பள்ளியில் படித்ததுதான். ஆனால் எப்படிக் கட்டினார்கள் என்பதை அங்கே நின்று சொன்னால்தான் புரிகிறது. ஆற்றில் தோண்டத் தோண்ட மணல்தான், பாறை எட்டாது. அதனால் பெரிய கற்களைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். ஓடுகிற தண்ணீர் கல்லுக்கடியில் மணலை அரிக்கும், கல் இறங்கும், அதன்மேல் இன்னொரு கல். இனிமேல் இறங்காது என்று நிலைத்த பிறகு அதன்மேல் அணை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆர்தர் காட்டன் இதைப் படித்துப் பார்த்துத்தான் ஆற்று மணலில் அஸ்திவாரம் போடுகிற முறையையே கற்றுக்கொண்டேன் என்று வியந்தார். மேலணையும் கீழணையும் அவர் கட்டியவை.

பாலத்தில் நடந்து ஒவ்வொரு வாயையும் எட்டிப் பார்த்தோம். மதகு வழியாகத் தண்ணீர் இறங்குகிற சத்தத்தில் பேசுவது காதில் விழவில்லை. நான்கில் கல்லணைக் கால்வாய் மட்டும் மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934இல் வந்தது. எங்கள் பக்கத்தில் அதைப் புது ஆறு என்றுதான் இன்னமும் சொல்கிறோம். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வரைக்கும் அதுதான் சோறு போடுகிறது. நேற்றுச் சாயங்காலம் பெரிய கோயிலுக்குப் போகும்போது பார்த்தோமே, அதே கால்வாய்தான். என் கணவர் அதைச் சொன்னதும் சின்னவன் ஒரு வாதாம் இலையைப் பிய்த்து அந்தப் பக்கம் தண்ணீரில் போட்டான். தஞ்சாவூரில் இருக்கிற அவனுடைய அத்தை வீட்டுக்குப் போகுமாம்.

இங்கேயும் பூங்கா இருக்கிறது. யானை மேல் கரிகாலன் சிலை, புல்தரை, ஊஞ்சல். விடுமுறைக் கூட்டம் நிறைய. வறுத்த மீன் கடைகள் வரிசையாக இருந்தன. மிளகாய்ப்பொடி தூக்கலான வறுவல், பிள்ளைகளுக்குக் காரம், எங்களுக்குத் தேவாமிர்தம். அத்தை சனிக்கிழமை கவுச்சி சாப்பிட மாட்டார், அவருக்குத் தயிர்சாதம் இருந்தது. ஆற்றில் இறங்க வேண்டாம் என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள், அதை மதியுங்கள். மேலே அமைதியாகத் தெரிகிற தண்ணீருக்கு அடியில் சுழல் இருக்கிறது. அந்தக் கரையில் நான் பார்க்கச் சகிக்காதது ஒன்றுதான், தட்டும் பிளாஸ்டிக் கிளாஸும். இங்கே ஒருவர் போடுகிற கிளாஸ் கடைமடையில் ஒரு வாய்க்கால் மதகை அடைக்கும். நாங்கள் கடைமடைக்காரர்கள். தண்ணீர் வந்து சேரக் காத்திருக்கிறவர்களுக்குத்தான் அந்த அடைப்பு என்னவென்று தெரியும்.

ராத்திரி ஸ்ரீரங்கத்தில் தங்கல்.

ஞாயிறு, மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா

ஸ்ரீரங்கத்திலிருந்து மேற்கே, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் மேலூர். அங்கே வனத்துறை 25 ஏக்கரில் வண்ணத்துப்பூச்சிகளுக்கென்றே ஒரு பூங்கா வைத்திருக்கிறது. 2015 நவம்பரில் திறந்தார்கள். இந்தப் பயணத்தில் பிள்ளைகள் மறக்கவே போவதில்லை என்று நான் சொல்லக்கூடிய இடம் இதுதான்.

வெயில் கொஞ்சம் ஏறட்டும் என்று காத்திருந்து போனோம். வண்ணத்துப்பூச்சிக்கு உடம்பில் சூடு ஏறினால்தான் பறக்க முடியும். மப்பும் மந்தாரமுமான நாளில் போனால் இலைக்கடியில் ஒடுங்கியிருக்கும். இன்றைக்கு நல்ல வெயில். நுழைந்த கொஞ்ச தூரத்திலேயே கிலுகிலுப்பைச் செடிகளில் நீல வரியன்கள் கொத்துக்கொத்தாகத் தொங்கின. கிலுகிலுப்பையில் அவை தேன் குடிக்கவில்லை. இலையையும் காய்ந்த தண்டையும் சுரண்டி ஒரு சாற்றை எடுக்கின்றன. ஆண் பூச்சிகளுக்குத்தான் அது வேண்டும், பெண்ணைக் கவர்கிற வாசனைக்கு. பாதை ஓரத்து ஈரமண்ணிலும் சில உட்கார்ந்திருந்தன. பூவில் கிடைக்காத உப்புச்சத்தை மண்ணிலிருந்து உறிஞ்சுகின்றன.

வண்ணத்துப்பூச்சிக்குத் தேன் கொடுக்கிற செடி வேறு, அதன் புழுவுக்குத் தீனியாகிற செடி வேறு. ஒவ்வொரு வகையும் தனக்கென்று உள்ள ஒருசில செடிகளில்தான் முட்டையிடும். எருக்கில் வெந்தய வரியன். கொன்றையில் கொன்னை வெள்ளையன். அரளியில் வெண்புள்ளிக் கருப்பன், அதன் கூட்டுப்புழு வெள்ளித் தகடுபோல மினுங்கும். ஆடுதீண்டாப்பாளையில் ரோஜா அழகி. எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் கறிவேப்பிலை அழகி. ஆக, பூச்செடி மட்டும் வைத்தால் விருந்தாளி வரும், குடும்பம் நடத்தாது. இந்தப் பூங்காவில் இரண்டையும் சேர்த்து நட்டிருக்கிறார்கள். உள்ளரங்கில் முட்டை, புழு, கூட்டுப்புழு, பறக்கிற பூச்சி என்று ஒவ்வொரு கட்டத்தையும் பார்க்கலாம்.

எலுமிச்சைக் கன்றில் ஒரு புழுவைக் கண்டுபிடித்தது சின்னவன். கண்டுபிடித்தான் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சின்னப் புழு பார்ப்பதற்குப் பறவை எச்சம்போலவே இருக்கும். எச்சம் என்று நினைத்துப் பறவைகள் விட்டுவிடும். வளர்ந்த பிறகு இலைப்பச்சையாக மாறிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்பை நீட்டி ஒரு நாற்றத்தை விடும். நாங்கள் தொடவில்லை, அங்கே இருந்த ஊழியர் சொன்னார். கறிவேப்பிலை அழகியில் இன்னொரு சமத்து உண்டு. அதில் பெண் பூச்சிகளில் சில ரோஜா அழகியைப்போலவே வேஷம் போட்டிருக்கும். ரோஜா அழகி ஆடுதீண்டாப்பாளையின் நஞ்சைத் தின்று வளர்வதால் பறவைகள் அதைச் சீண்டுவதில்லை. அந்தப் பேரை வைத்து இது பிழைத்துக்கொள்கிறது.

மூத்தவளுக்கு அதோடு பேச்சு நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா, நம்ம வீட்டுக் கறிவேப்பிலைல இருந்த புழுவை அப்பாயி எடுத்துப் போட்டாங்களே, அது இதுதானா?" என்றாள். ஆமாம், அதுதான். அத்தை அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இனிமே நாலு இலையை அதுக்கு விட்டுடுவோம்டி, மீதி நமக்கு ரசத்துக்குப் போதும்" என்றார். வயல்வேலையிலேயே வாழ்ந்தவர், புழு என்றால் மருந்து என்றுதான் அவருக்குப் பழக்கம். அவர் வாயால் இதைக் கேட்டது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சி தமிழ் மறவன், 2019இல் அறிவித்தார்கள். அது மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டில் வாழ்வது, இங்கே தேடிப் பயனில்லை. அதற்காக இங்கே குறைவு ஒன்றும் கிடையாது. இரண்டு ஆற்றுக்கு நடுவில் மண்ணில் எப்போதும் ஈரம் இருக்கிறது, அதனால் செடி தழைக்கிறது, செடி தழைத்தால் பூச்சி வருகிறது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. உள்ளே நடக்கிற தூரம் அதிகம், பெரியவர்களுக்கு நடுநடுவே உட்கார நேரம் கொடுங்கள். தண்ணீர், தொப்பி, காலுக்குச் செருப்பில்லாமல் ஷூ. பளிச்சென்ற ஒரு சின்னக் குடையும். கைபேசியில் படம் எடுக்க ஓடினால் பூச்சி பறந்துவிடும். ஒரு செடிப் பக்கத்தில் அசையாமல் நில்லுங்கள், அதுவே வரும். மழைக்குப் பிறகான மாதங்கள்தான் நல்ல பருவம்.

மதியம் ஸ்ரீரங்கத்தில் சாப்பிட்டுவிட்டு ரயிலேறினோம். கல்லணை வரை பார்த்த தண்ணீர் எங்களோடு கூடவே கிழக்கே வந்தது. ரயில் தஞ்சாவூர் தாண்டும்போது மூத்தவள் அத்தையிடம் ஆடுதீண்டாப்பாளை எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். "எங்க அப்பா ஊர்ல மேட்டுக்கொல்லை வரப்புல கெடக்கும்டி. ஆடு கூட வாய வைக்காது. சம்பா நடவு முடியட்டும், போயிட்டு வருவோம்." என் கணவர் இப்போதே கைபேசியில் அந்த ஊருக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார்.